பட்டறை அருவாளும் சந்தை அருவாளும்

நல்லுசாமி: அது அருவாளா மாப்ளே, இல்ல பொண்ணு வீட்டுக்குக் கொண்டுபோற தாலிக்கொடியா? எத்தனை துணிதான் சுத்தி வச்சிருக்க... நீ அவுக்குறதுக்குள்ள பொழுது உச்சிக்கு வந்துரும் போல.

பெருமாள்சாமி: எண்ணெ தடவிச் சுத்தி வச்சாத்தான் மச்சான் துரு ஏறாது. பட்டறைக்காரரு சொல்லித்தான் குடுத்தாரு.

நல்லுசாமி: என் அருவாளுக்குத் துருதான் சட்டை. அதைக் கழட்டுனா அது வெக்கப்படும்.

பெருமாள்சாமி: இந்தாங்க, புடிச்சுப் பாருங்க.

நல்லுசாமி: கையில குடுக்காத, கீழ வை. அருவாளக் கைக்குக் கை மாத்துனா சண்டை வரும்பாக.

பெருமாள்சாமி: இனிமேத்தான் வரணுமாக்கும்?

நல்லுசாமி: ...ம். கனமாத்தான் இருக்கு.

பெருமாள்சாமி: லாரி வில்லுப் பட்டை மச்சான். பழைய பட்டையக் காய்ச்சி, என் கை அளவு பாத்து அடிச்சுக் குடுத்தாரு. நல்ல மனுசன். நாகல் நகர்ல அவரு பட்டறை வாசல்ல ஆளுக காத்துக் கெடக்குறாக. புடி புளியங்கட்டை. பூணு பித்தளை.

நல்லுசாமி: லாரி வில்லா? அப்ப வெட்டுவானேன்... ஏறி உக்காந்தா திண்டுக்கல்லுக்கே போயிரலாமே.

பெருமாள்சாமி: சிரிங்க, சிரிங்க.

நல்லுசாமி: எம்புட்டு ஆச்சு?

பெருமாள்சாமி: அது எதுக்கு மச்சான் இப்ப...

நல்லுசாமி: சொல்லு அப்பு. சும்மா வயிறு எரியத்தானே கேக்குறேன்.

பெருமாள்சாமி: பதினெட்டு ரூவா.

நல்லுசாமி: பதினெட்டா! ஏலே... நான் எரியோட்டுச் சந்தையில ரெண்டே கால் ரூவாய்க்கு வாங்குனவன்டா. அந்தாளு சாக்கு விரிச்சு, கொழுவும் மண்வெட்டியும் குமிச்ச குமியில இருந்து உருவிக் குடுத்தான். பதினெட்டு ரூவாய்க்கு எட்டு அருவா வாங்கி, எட்டையும் எட்டு எடத்துல தொலைச்சிருக்கலாமே.

பெருமாள்சாமி: நல்லதா ஒண்ணு இருந்தாப் போதாதா?

நல்லுசாமி: பூட்டுப் பட்டறையில வேலை பாக்குறவனுக்கு எதுக்குடா நல்ல அருவா? சாவி தொலைஞ்சா வெட்டித் தொறக்கவா?

பெருமாள்சாமி: நல்ல கதையா இருக்கே. நாளைக்குக் கோயில்ல உங்க மக பேச்சிக்கு மொட்டை போட்டுக் காது குத்துறோம். எங்க வகையறாவுல பொங்க வெறகை வெலைக்கு வாங்கக் கூடாது, தகப்பனும் தாய்மாமனும் காட்டுல தன் கையால வெட்டணும், வந்து சேருன்னு ஆள் விட்டது யாரு? நீங்கதானே?

நல்லுசாமி: வெட்ட வான்னு சொன்னேன். பூணு போட்ட அருவாளோட ஊர்வலமா வான்னா சொன்னேன்?

பெருமாள்சாமி: பந்தயம் போட்டதும் நீங்கதான். நேத்து நான் சைக்கிள ஸ்டாண்டு போடுறதுக்குள்ள போட்டாச்சு.

நல்லுசாமி: போட்டேன். இல்லேங்கலையே. ஒரே காடு, ஒரே உடைமரம். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். உச்சிப் பொழுதுக்கு யாரு வெறகு கூடுதலோ, நாளைக்கு அவன் தோள்ல பேச்சி.

பெருமாள்சாமி: இந்தத் தடவையும் வண்டி கோயில் வரைக்கும் போகாதா?

நல்லுசாமி: எங்கிட்டுப் போகும்? மணலோடைக்கு இந்தப் பக்கமே மாட்டை அவுத்துரணும். அங்கேருந்து சுடுமணலு. மூணு வயசுப் புள்ளை நடக்குமா? யாராச்சும் தூக்கணும்.

பெருமாள்சாமி: வழக்கமா யாரு தூக்குறது?

நல்லுசாமி: அது எதுக்கு இப்ப? மரத்தப் பாரு.

பெருமாள்சாமி: சொல்லுங்க மச்சான். வெயில் ஏறுது.

நல்லுசாமி: நீதான் தூக்குற. போதுமா? சைக்கிள் மணிய ரெண்டு அடி அடிக்கிற. அவ ஓடியாந்து வேலியில ஏறுற ஒடக்கான் மாதிரி ஏறிக்கிறா. நான் காட்டுலேருந்து வந்து தூக்குனா "போப்பா, மண்ணு மணக்குது"ங்குறா. நீ வந்தா மட்டும் "மாமா பவுடரு"ன்னு கழுத்தக் கட்டிக்கிறா. நானும் ஒருநாள் உங்க அக்கா பவுடர எடுத்துப் பூசிட்டுப் போனேன்.

பெருமாள்சாமி: பூசிட்டா?

நல்லுசாமி: பயந்து அழுதுட்டா. நாய் வேற கொரைச்சுச்சு.

பெருமாள்சாமி: ஐயோ மச்சான்...

நல்லுசாமி: சிரிக்காத. நாளைக்கு மொட்டை உன் மடியில. காது குத்து உன் மடியில. தோடு உன் சீரு. தகப்பன் எங்க நிக்கணும்னு வகையறாவுல ஒருத்தனுக்காச்சும் தெரியுமா? மாட்டுக்குத் தண்ணி காட்டுன்னு அனுப்பிருவானுக. அந்த மணலோடை ஒண்ணுதான்டா எனக்கு மிச்சம். அதையாவது நான் தூக்கிட்டு நடக்கணும்.

பெருமாள்சாமி: அப்ப வெட்டுங்க. பேச்சு வெறகாகாது.

நல்லுசாமி: வெட்டுறேன் பாரு. ...அம்மாடி!

பெருமாள்சாமி: என்ன? கையில பட்டுருச்சா?

நல்லுசாமி: இல்லப்பா... ஒண்ணுமில்ல. ஒரே போடுல கெளை கையோட வந்துருச்சு.

பெருமாள்சாமி: சந்தை அருவாளா இருந்தாலும் கை உங்க கையில்ல?

நல்லுசாமி: அது... ஆமா. கைதான். கை. நீ போடு, பதினெட்டு ரூவாச் சத்தத்தக் கேப்போம்.

பெருமாள்சாமி: இந்தா...

நல்லுசாமி: என்ன மாப்ளே, "டொக்"குங்குது? கதவத் தட்டுறியா? உள்ள யாரும் இல்ல, அது மரம்.

பெருமாள்சாமி: மொத வெட்டு. மரம் காஞ்சு கெடக்கு.

நல்லுசாமி: என் மரமும் காஞ்சுதான் கெடக்கு. கேளு... "சதக்"குன்னு எறங்குது பாரு.

பெருமாள்சாமி: கேக்குது மச்சான். நல்லாவே கேக்குது.

நல்லுசாமி: லாரி வில்லுல செஞ்சதுல்ல, குதிச்சுக் குதிச்சுத்தான் விழுகும். கொஞ்சம் பெட்ரோலு ஊத்திப் பாக்குறியா?

பெருமாள்சாமி: புதுசு. வெட்ட வெட்டத்தான் பழகும்.

நல்லுசாமி: ஆமாமா. புது மாப்பிள்ளை மாதிரி. கூச்சம்.

பெருமாள்சாமி: உங்க அருவா எப்படி இன்னைக்கு இந்த வாங்கு வாங்குது? போன தடவை ஒரு எளனி சீவிக் குடுக்க அரைப் பொழுதாச்சே.

நல்லுசாமி: என்னமோ தெரியல மாப்ளே... அதாவது, அதுக்கும் ரோசம் வந்துருச்சு. உன் அருவாளப் பாத்ததும் பொறாமை. எசமானுக்குத் தக்க சாமான்.

பெருமாள்சாமி: எசமானுக்குப் பொறாமைன்னு ஒத்துக்கிட்டீங்க.

நல்லுசாமி: ஒத்துக்கிறதுக்கு என்ன இருக்கு? ஊருக்கே தெரியும். உனக்குச் சம்பளம், சைக்கிளு, சட்டையில ரெண்டு பையி, அதுல ஒண்ணுல கடலை மிட்டாயி. எனக்குச் சட்டையே இன்னைக்கு இல்ல. இதுல பித்தளைப் பூணு போட்டு அருவா வேற கொண்டாந்து என் வீட்டுச் செவத்துல சாத்தி வைக்கிற. அதுக்குப் பக்கத்துல என்னுது நின்னப்போ, மாப்பிள்ளைத் தோழனுக்குப் பக்கத்துல சமையக்காரன் நின்ன மாதிரி இருந்துச்சு.

பெருமாள்சாமி: வெட்டுங்க மச்சான். நின்னு பேசிப் பேசியே தோத்துறாதீங்க.

நல்லுசாமி: யாரு தோக்குறா? உன் குமியப் பாரு. காக்கா கூடு கட்டப் பொறக்குன மாதிரி சுள்ளியாக் கெடக்கு.

ராமுத்தாய்: ஏலே பெருமாளு! எங்கடா இருக்கீக ரெண்டு பேரும்?

பெருமாள்சாமி: இங்கிட்டு வாக்கா. முள்ளு, பாத்து வா.

ராமுத்தாய்: கம்மங்கூழு கொண்டாந்தேன். வெஞ்சனம் வெங்காயந்தான். ஏங்க, நீங்களும் வாங்க, செத்த நேரம் உக்காந்து குடிச்சுட்டுப் போங்க. அடியாத்தி... இந்தப் பெரிய குமி யாரு வெட்டுனது? தம்பியா?

நல்லுசாமி: ஏன், புருசன் வெட்டியிருக்கக் கூடாதா?

ராமுத்தாய்: கூடாதுன்னா சொன்னேன்? நேத்தெல்லாம் பக்கத்து வீட்டு அய்யம்மாள்கிட்ட, என் தம்பி டவுனுலேருந்து வேல் மாதிரி ஒரு அருவா கொண்டாந்திருக்கான், இந்தப் பக்கத்துலயே கெடையாதுன்னு பீத்திக்கிட்டுக் கெடந்தேன். அது என்ன இப்படி...

நல்லுசாமி: நல்லாப் பீத்து. வேலுதான். முருகன்கிட்டத்தான் குடுக்கணும். நமக்கு ஆகாது.

பெருமாள்சாமி: விடுக்கா. மச்சான் கையே தனி.

ராமுத்தாய்: இவுக கையா? எட்டு வருசமா நான் பாக்காத கையா? இங்க குடுங்க அந்த அருவாள... இல்ல, கீழ வைங்க. ...ஆத்தாடி! பெருவிரல வச்சாலே கீறிரும் போல இருக்கு. இதை எவன் தீட்டுனான்?

நல்லுசாமி: எவனா? மரியாதையாப் பேசு.

ராமுத்தாய்: நீங்களா? கல்யாணமான நாளா இந்த அருவாளத் தீட்டச் சொல்லி நான் தொண்டை வத்திப்போயிருக்கேன். பூசணிக்காய் வெட்டச் சொன்னா, அதைத் தரையில போட்டு ஒடைச்சுக் குடுக்குற ஆளு நீங்க.

நல்லுசாமி: நாந்தான் தீட்டுனேன். நேத்துச் சாயங்காலம்.

ராமுத்தாய்: எங்க?

நல்லுசாமி: எங்கன்னா... மாட்டுக்குத் தண்ணி காட்டுற கல்தொட்டி இருக்குல்ல, அதுல.

ராமுத்தாய்: ஆமா, வெளக்கேத்துற நேரத்துல தொட்டிப் பக்கம் கரக்கு கரக்குன்னு சத்தம் கேட்டுச்சு. மாடுதான் கொம்பைத் தேய்க்குதோன்னு நெனச்சேன்.

பெருமாள்சாமி: நானும் கேட்டேன்க்கா. மாடு இல்ல.

நல்லுசாமி: நீ... நீ கெணத்துக்கு மூஞ்சி கழுவல்ல போயிருந்த?

பெருமாள்சாமி: கெணத்து வரைக்கும் கேட்டுச்சு மச்சான். அம்புட்டு மும்முரமாத் தேய்ச்சீங்க.

நல்லுசாமி: கூழ ஊத்து ராமுத்தாயி. தொண்டை காயுது.

ராமுத்தாய்: இந்தாங்க. தம்பி, உனக்கு இன்னும் ரெண்டு வெங்காயம் வேணுமா? ஏண்டா கையைக் காட்டு... என்னடா இது, உள்ளங்கையெல்லாம் கொப்புளம்?

பெருமாள்சாமி: புதுப் புடிக்கா. ஒரைஞ்சிருச்சு.

ராமுத்தாய்: தோல் உரிஞ்சு நிக்குது, ஒரைஞ்சிருச்சாம்! ஏங்க, இவன் கையப் பாத்தீங்களா?

நல்லுசாமி: ...பாத்தேன்.

ராமுத்தாய்: இந்தக் கையோட நாளைக்குப் புள்ளைய எப்படிடா மடியில வச்சுக்குவ? சரி, ஜக்கம்மா காலையில மொத பஸ்ஸுக்கு வந்துருவாளா? எத்தனை மணிக்கு எறங்குவா, சொன்னா வண்டிய அனுப்புறேன்.

பெருமாள்சாமி: அவ வரலக்கா.

ராமுத்தாய்: ஏன்டா?

பெருமாள்சாமி: தலைவலிங்குறா.

ராமுத்தாய்: நாளைக்கு வரப்போற தலைவலி அவளுக்கு முந்தாநேத்தே தெரிஞ்சுருச்சாக்கும்?

பெருமாள்சாமி: விடுக்கா.

ராமுத்தாய்: எனக்குத் தெரியும்டா. கல்யாணமாகி ஏழு வருசமாச்சு, இன்னும் ஒண்ணும் இல்லையான்னு எவளாச்சும் கூட்டத்துல கேட்டுருவான்னு பயப்படுறா. போன பொங்கலுக்கு அந்த ஒச்சாயி கெழவி கேட்டா. நான் அவளச் சும்மா விடலையே. ஜக்கம்மாவ என் பக்கத்துலயே வச்சுக்குறேன்டா. ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா.

பெருமாள்சாமி: சொன்னேன்க்கா. சிரிச்சா. சிரிச்சுட்டுப் பேச்சிக்குச் சட்டை தைக்கப் போயிட்டா. ரோசு கலர்ல தைச்சுக் குடுத்துவிட்டிருக்கா, பைக்குள்ள இருக்கு.

ராமுத்தாய்: அளவு?

பெருமாள்சாமி: அவளுக்கு அளவெல்லாம் தெரியும். நான் இங்கேருந்து போறப்பல்லாம், இடுப்பு வரைக்கும் வந்துட்டாளா, முட்டி வரைக்கும் வந்துட்டாளான்னு என்னைய நிக்க வச்சு என் மேலயே அளந்து பாத்துக்குவா.

ராமுத்தாய்: ...சரிடா. நான் போறேன். பொரிவெளங்காய் உருண்டைக்கு மாவு வறுத்தது வறுத்தபடி கெடக்கு. சீக்கிரம் வெட்டிட்டு வாங்க. ஏங்க... அவனுக்குக் கொஞ்சம் வெட்டிக் குடுங்க. உங்க அருவாதான் இன்னைக்குப் பறக்குதே.

நல்லுசாமி: ம்.

பெருமாள்சாமி: வேணாம்க்கா. பந்தயம்னா பந்தயந்தான்.

நல்லுசாமி: ...போயிட்டாளா?

பெருமாள்சாமி: போயிருச்சு.

நல்லுசாமி: மாப்ளே.

பெருமாள்சாமி: சொல்லுங்க.

நல்லுசாமி: போதும்டா. பொழுது உச்சிக்கு வந்துருச்சு. நிப்பாட்டு.

பெருமாள்சாமி: இன்னும் செத்த நேரம் இருக்கு மச்சான். உங்க நெழலப் பாருங்க.

நல்லுசாமி: என் நெழல நான் பாக்குற மாதிரி இல்ல. நிப்பாட்டு, கையில ரத்தம் வருது.

பெருமாள்சாமி: அப்ப நீங்க ஜெயிச்சாச்சு. ஒத்துக்கிறேன். உங்க குமியில பாதி கூட இல்ல என்னுது.

நல்லுசாமி: ம்.

பெருமாள்சாமி: என்ன மச்சான், ஜெயிச்சவரு மூஞ்சியா இது? கும்மாளம் போடுவீங்கன்னு நெனச்சேன்.

நல்லுசாமி: போடுறேன், போடுறேன். கூழு இன்னும் எறங்கல.

பெருமாள்சாமி: ஆனா இதை நான் சும்மா விடப்போறதில்ல.

நல்லுசாமி: எதை?

பெருமாள்சாமி: இந்த அருவாளத்தான். ஊருக்குப் போனதும் மொத வேலை, நேரா பட்டறைக்குப் போறேன். வாசல்ல அம்புட்டுப் பேரும் காத்து நிக்கிறப்போ அவரு மூஞ்சிக்கு முன்னால இதைத் தூக்கிப் போடுறேன். சந்தையில சாக்கு விரிச்சு விக்கிற அருவாகிட்டத் தோத்துப்போச்சுய்யா உன் வேலைன்னு கேக்குறேன்.

நல்லுசாமி: அட... அது எதுக்கு அம்புட்டுத் தூரம்?

பெருமாள்சாமி: பதினெட்டு ரூவா மச்சான்!

நல்லுசாமி: இல்லடா, உடைமரம்... அது ஒரு மாதிரி மரம்.

பெருமாள்சாமி: உங்களுக்கும் அதே மரந்தானே?

நல்லுசாமி: உன்னுது கொஞ்சம் வயசான மரமா இருக்கும். மரத்துல பெருசு சிறுசு இல்லையா? சரி, அத விடு. அந்தாளு நல்ல மனுசன்னு நீதானே சொன்ன?

பெருமாள்சாமி: நல்ல மனுசன்னா ஏமாத்தலாமா? இனி ஒருத்தன் அவரு வாசல்ல நிக்க மாட்டான். நான் நிக்க விடமாட்டேன்.

நல்லுசாமி: புள்ளைகுட்டிக்காரனா?

பெருமாள்சாமி: நாலு புள்ளைக.

நல்லுசாமி: அட கடவுளே. நாலா?

பெருமாள்சாமி: கடைசிது பால்குடி.

நல்லுசாமி: பால்குடிய எதுக்குடா இதுல இழுக்குற! ...மாப்ளே, உக்காரு. அந்த அருவாளத் துணியில சுத்தி வை. மொதல்ல அதை வை. கையில அருவா இல்லாம உக்காரு. நான் ஒண்ணு சொல்லணும்.

பெருமாள்சாமி: சொல்லுங்க.

நல்லுசாமி: தள்ளி உக்காரு.

பெருமாள்சாமி: உக்காந்தாச்சு.

நல்லுசாமி: அந்தப் பட்டறைக்காரரு மேல தப்பில்ல. நேத்துச் சாயங்காலம் கல்தொட்டியில தேய்ச்சேன்னு சொன்னேன்ல... தேய்ச்சது நெசந்தான். என்னுத இல்ல.

பெருமாள்சாமி: பின்ன?

நல்லுசாமி: உன்னுத. கூர் இருக்குற வாய்ப் பக்கத்தத் தொட்டி வெளிம்புல வச்சு... இந்த மூக்குலேருந்து அந்தக் கடைசி வரைக்கும். நல்ல இரும்புடா, சொல்லணும்ல. மழுங்க மாட்டேன்னு அடம்புடிச்சுச்சு. வேர்த்து ஊத்திருச்சு எனக்கு. நான் ஒழுங்கா வேலை பாத்ததே நேத்துத்தான். திட்டு. ரெண்டு வார்த்தை திட்டிரு. அக்கா புருசன்னு பாக்காத.

பெருமாள்சாமி: எதுக்கு மச்சான் அப்படிச் செஞ்சீங்க?

நல்லுசாமி: நேத்து நீ வந்தப்போ பேச்சி என் தோள்ல இருந்தா. நீ பாத்திருக்க மாட்ட. எத்தனையோ நாளைக்கப்புறம் அவளா வந்து "தூக்குப்பா"ன்னா. நானும் வேப்பமரத்துக்கும் வீட்டுக்குமா நடந்துக்கிட்டிருந்தேன். உன் சைக்கிள் மணி கேட்டுச்சு. என் தலைமயிரப் புடிச்சு ரெண்டு இழு இழுத்து, "எறக்கிவிடு, எறக்கிவிடு"ன்னா. எறக்கிவிட்டேன். அவ ஓடுன ஓட்டத்தப் பாத்துக்கிட்டே நின்னேன்டா, திரும்பியாவது பாப்பாளான்னு. அப்புறந்தான் வீட்டுக்குள்ள வந்தேன். உன் அருவா துணியில்லாம பளபளன்னு செவத்துல சாத்தி இருந்துச்சு. உன்னையத் தேய்க்க முடியாது. அதைத் தேய்ச்சேன்.

பெருமாள்சாமி: அழுகாதீங்க மச்சான்.

நல்லுசாமி: யாரு அழுகுறா? வெங்காயம்.

பெருமாள்சாமி: வெங்காயம் தின்னு எம்புட்டு நேரமாச்சு.

நல்லுசாமி: லேட்டாத்தான் ஏறும் எனக்கு. சரி விடு, பந்தயம் செல்லாது. நாளைக்கு நீயே தூக்கிக்க. உன் அருவாள நானே கொண்டுபோயி அந்தப் பட்டறையில குடுத்துத் தீட்டி வாங்கியாரேன். நாகல் நகருக்கு நடந்தே போறேன், அதுதான் எனக்குத் தண்டனை.

பெருமாள்சாமி: தண்டனையெல்லாம் வேணாம். எனக்குத் தெரியும்.

நல்லுசாமி: என்னது தெரியும்?

பெருமாள்சாமி: நீங்க தேய்ச்சது. தேய்க்கிறப்பவே தெரியும். பூட்டுப் பட்டறையில பத்து வருசமா அரம் புடிக்கிறவன் மச்சான் நான். கூர் ஏறுற சத்தம் வேற, கூர் சாகுற சத்தம் வேற.

நல்லுசாமி: கெணத்துல இருந்துக்கிட்டா?

பெருமாள்சாமி: கெணத்துக்குப் போகல. வைக்கோல்போருக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன்.

நல்லுசாமி: அடப்பாவி! தெரிஞ்சுக்கிட்டா காலையிலேருந்து டொக்கு டொக்குன்னு கையப் புண்ணாக்கிக்கிட்டிருந்த? பால்குடி வரைக்கும் சொல்லி என்னையப் பதற வச்சியே! அந்தாளுக்கு நெசமாவே நாலு புள்ளையா?

பெருமாள்சாமி: தெரியாது மச்சான். நான் கேட்டதில்ல.

நல்லுசாமி: இருடா... வைக்கோல்போருக்குப் பின்னாடி உனக்கு என்ன வேலை?

பெருமாள்சாமி: உங்க அருவாளத் தீட்டிக்கிட்டிருந்தேன்.

நல்லுசாமி: என்ன?

பெருமாள்சாமி: பட்டறையில தீட்டுற எண்ணெக்கல்லு ஒண்ணு சைக்கிள் பையில கெடந்துச்சு. உங்களுதுல வாய்ப் பக்கத்துத் துரு மட்டும் போறதுக்கே பாதி நேரமாச்சு. பதம் ஏறாத பச்சை இரும்பு பாருங்க, நல்லாத் தீட்டுனா கூர் சட்டுன்னு ஏறிருது. ரெண்டு மூணு நாள்ல மடங்கிப்போகும், அது வேற. ஒரு பந்தயத்துக்குத் தாங்கும்னு தெரியும்.

நல்லுசாமி: அப்ப... அதான் அது தானா எறங்குச்சா? நான் என் கைன்னு நெனச்சுட்டேனே!

பெருமாள்சாமி: கையும் கொஞ்சம் இருக்கும் மச்சான்.

நல்லுசாமி: இம்புட்டுக்கும் நடுவுல எந்த அருவாடா நல்ல அருவா?

பெருமாள்சாமி: யாருக்குத் தெரியும்? கூரக் கொன்னு போட்ட பதினெட்டு ரூவாயும் தீட்டி வச்ச ரெண்டே கால் ரூவாயும் மோதுனா ரெண்டே கால் ஜெயிக்குது. அம்புட்டுத்தான் பாத்திருக்கோம். ஆனா ஒண்ணு, நீங்க அந்தப் பாடு படுத்துனப்புறமும் என்னுதுல பாதி வெறகு விழுந்துச்சுல்ல? அந்த மனுசன் நல்லாத்தான் அடிச்சிருக்காரு. ஒருநாளு ரெண்டையும் ஒழுங்கா வச்சுப் பாப்போம்.

நல்லுசாமி: பாக்கலாம், பாக்கலாம். பேச்ச மாத்தாத. ஏன்டா தீட்டுன?

பெருமாள்சாமி: துருவப் பாக்கச் சகிக்கல.

நல்லுசாமி: ஏலே.

பெருமாள்சாமி: அக்கா பூசணிக்காய் வெட்ட சிரமப்படுதுல்ல, அதுக்குத்தான்.

நல்லுசாமி: பெருமாளு. பந்தயம் போட்டு, பந்தயத்துல தோக்கணும்னு எவனாச்சும் எதிராளி அருவாளத் தீட்டுவானா? எனக்காகப் பரிதாபப்பட்டியா? அப்படின்னா இந்த வெறக அம்புட்டையும் இங்கேயே போட்டுட்டுப் போயிருவேன். பிச்சையா எனக்கு என் புள்ளையத் தூக்கத் தர வேணாம்.

பெருமாள்சாமி: உங்களுக்காக இல்ல மச்சான்.

நல்லுசாமி: பின்ன யாருக்காக? நாளைக்கு எப்படியும் அவ உன் மடியிலதானே உக்காரப் போறா? மடி ஆகும், தோள் மட்டும் ஆகாதா?

பெருமாள்சாமி: மடி வேற மச்சான். மடி மொறை. சுத்தி நாப்பது பேரு நிப்பாக, அவ அழுவா, முடிஞ்சிரும். தோள் அப்படி இல்ல... மணலோடை நெடுக என் காதப் புடிச்சுக்கிட்டு ஏதாச்சும் கேட்டுக்கிட்டே வருவா, பாதியில பேச்சு நின்னுரும், பாத்தா அசந்துபோயி தோள்ல கன்னத்தச் சாச்சிருப்பா. எச்சி ஒழுகி சட்டை நனைஞ்சிருக்கும். அந்தச் சட்டையோட நான் வீட்டுக்குப் போறேன்ல... வாசல்லயே ஜக்கம்மா கழட்டிக் குடுங்கன்னு கை நீட்டுறா. தொவைக்கத்தான் கேக்குறாளாக்கும்னு மொதல்ல குடுத்துட்டேன். போன பொங்கலுக்கு நான் போட்டுட்டு வந்த சட்டை இன்னைக்கும் தொவைக்காம அவ தலைமாட்டுல கெடக்கு மச்சான், ராத்திரியில மோந்து பாத்துக்கிட்டுத்தான் தூங்குறா. இன்னொரு சட்டைய அவ கையில குடுக்க எனக்குத் தெம்பு இல்ல... நாளைக்கு நீங்க தூக்கிக்கங்க.